லாரி டைனமோவில் ஓடிய நாற்காலி

1. சீட்டுக்கு அடியில் புகை

ஆரோக்கியம் அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியிலேர்ந்து குபுகுபுன்னு புகை வந்துச்சு. திண்டிவனம் மெட்ராஸ் ரோட்டுல, எங்க கடை வாசல்ல, பட்டப்பகல்ல. சுத்தி முப்பது பேர் வேடிக்கை. நான் பாய்ஞ்சு போய் பாட்டரி ஒயரைப் புடுங்கினேன், உள்ளங்கை வெந்துபோச்சு. அக்காவை ரெண்டு பேரா தூக்கி டீக்கடை பெஞ்சுல உட்கார வெச்சோம். அவங்களுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. சுட்டிருந்தாலும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு எனக்கு அப்புறம்தான் உறைச்சுது.

கோவிந்தசாமி முதலாளி கடைக்குள்ளேர்ந்து வந்தாரு. லாரி, பஸ்ஸுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கிற கடை அது. நான் அங்க எலெக்ட்ரீஷியன். அறுபதுகள்ல நடந்த கதை இது.

"உனுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதாடா? லாரி செல்ஃப் மோட்டரைக் கொண்டாந்து பொம்பள சீட்டுக்குக் கீழ வெச்சிக்கினு இன்னாடா வெளையாட்டு? அங்க ஒலக்கூர் லாரிக்காரன் பேஜாரு பண்ணிக்கினு நிக்கறான், போய் அதப் பாரு."

அவர் திட்டினது நியாயம்தான். செல்ஃப் மோட்டர்ங்கிறது இஞ்சினை ஸ்டார்ட் பண்ண மட்டும்தான். பத்து செகண்டு முக்கிட்டு விட்டுடும். பலம் உண்டு, மூச்சு கிடையாது. அதைப் போய் நிறுத்தாம ஓட்டினா வெந்துதான் போகும். லாரியிலேயே ஊறினவனுக்கு பலத்தைத் தவிர வேற எதுவும் தோணலை.

அக்கா மட்டும்தான் கோவிச்சுக்கலை. "டீக்கடை வரிக்கும் தானா வந்தேன் இல்ல தம்பி? மூணு வருசத்துல இதான் மொத தபா," அப்படின்னாங்க.

2. அவங்க கேட்டது

ஒலக்கூருக்கு உள்ள தள்ளி இருக்கிற ஒரு கிராமம் அவங்களுக்கு. புருஷன் காலமாயிட்டாரு, பிள்ளைங்க இல்லை. நாலு ஏக்கர் நிலத்துல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டுத் தானே பார்த்துக்கினு இருந்தவங்க. கிணத்துப் படியில வழுக்கி விழுந்து முதுகெலும்பு போச்சு. மிஷன் ஆஸ்பத்திரியில கையால சுத்தி ஓட்டற மூணு சக்கர நாற்காலி ஒண்ணு குடுத்தாங்க. அது சர்ச்சுக்குப் போக ஆச்சு, நிலத்துக்கு ஆகலை. செம்மண்ணுல ரெண்டு சுத்து சுத்தினா தோள்பட்டை கழண்டுடும்.

அவங்க கொழுந்தன் சூசை. கெட்டவர்னு சொல்ல மாட்டேன். அவருக்கு ஒரே பேச்சு: நிலத்துல நிக்காதவங்க பயிர் வைக்கக் கூடாது. "அண்ணி, நீங்க ஊட்ல குந்திக்கினு ஆளுங்கள அனுப்பறீங்க. பாதி மல்லாட்டை மண்ணுலயே கெடக்குது. இந்தப் பங்குனி வரிக்கும் பாக்கறேன். நீங்களா கயனிக்கு வந்து நின்னு புடுங்க வெச்சீங்கன்னா நான் வாயத் தொறக்கல. இல்லன்னா நெலத்த நான் பாத்துக்கறேன். ஒங்களுக்கு வேண்டியது ஊட்டுக்கு வந்துடும்."

இதை அக்கா எங்க கடை வாசல்ல மாட்டுவண்டியில உட்கார்ந்தபடியே எங்கிட்ட சொன்னாங்க. அழலை. "சோறு வந்துடும் தம்பி, அதுக்குக் கொறை இல்ல. அப்பறம் நான் எதுக்கு இருக்கறேன்?" அப்படின்னாங்க. அந்த மிஷன் நாற்காலி நிலத்துல தானா போக ஒரு மோட்டர் வெச்சுக் குடுன்னு கேட்டாங்க; அப்படி நான் வெச்சதுதான் புகைஞ்ச அந்த செல்ஃப் மோட்டர்.

அதனால புகை வந்ததுக்கு அப்புறமும் நான் விடலை. முதலாளிகிட்ட நேரா போய், "ஞாயித்துக்கெழமையில என் சொந்த வேலையா செய்யறேன், கடை நேரத்துல தொட மாட்டேன்"னு சொன்னேன். அவர் ஒரு பீடி முழுக்க யோசிச்சாரு. "தொலை. வெல்டிங் செட்ட வேணா எட்த்துக்கோ," அப்படின்னாரு. அவர் வாயில அது ஆசீர்வாதம் மாதிரி.

3. டைனமோ

டைனமோ கரண்டு குடுக்கிற சாமான். ஆனா எங்க தொழில்ல டைனமோ நல்லா இருக்கான்னு பார்க்க ஒரு சோதனை உண்டு. டி, எஃப்னு ஒயர் மாட்டற ரெண்டு முனையையும் சேர்த்து பாட்டரியில குடுத்தா அது மோட்டர் மாதிரி மெதுவா, ஒரே சீரா சுத்தும். வருஷக்கணக்கா தினம் நாலு தடவை இதைச் செஞ்சுக்கினு இருந்தவன் நான். சுத்துதா, சரி, வண்டியில மாட்டுன்னு போயிடுவேன். நாள் முழுக்க சுத்தினாலும் இது வேகாதேன்னு ஒரு நாள் டீ குடிக்கும்போது பளிச்சுன்னு தோணிச்சு. டீயை அப்படியே வெச்சுட்டு எழுந்தேன்.

விழுப்புரத்துல ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாடி ஒரு பாய் பழைய இரும்புக் கடை வெச்சிருந்தாரு. பஸ்ஸேறிப் போனேன்.

"பெரிய டைனமோவா? எந்த வண்டிக்கு தம்பி?"

"நாற்காலிக்கு பாய்."

"நாற்காலிக்கு ஹாரனும் வேணுமா?" அப்படின்னு சிரிச்சாரு. விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திட்டு, குவியலை அவரே கிளறி நல்லதா ஒண்ணு பொறுக்கிக் குடுத்தாரு.

சைக்கிள் செயின், பல்சக்கரம் வெச்சு ரெண்டு கட்டமா வேகத்தைக் குறைச்சேன், ஆள் நடக்கிற வேகத்துக்கு. பின்னாடி ஒரே ஆக்ஸில், ஒவ்வொரு பக்கமும் ரெண்டு ஸ்கூட்டர் டயர், லாரி டபுள் வீல் கணக்கா. முன்னாடி ஒண்ணு. பாட்டரி ரெண்டும் காலுக்குக் கீழே. ஒரு விஷயம் சின்னப் பசங்களுக்குச் சொல்றேன்: பாட்டரி ஒயரை மாத்திக் குடுத்தா ரிவர்ஸ்ல சுத்தும்னு நினைப்பீங்க. சுத்தாது. அந்த எஃப் முனைக்கு வர்ற ஃபீல்டு ஒயரைத் தனியாப் பிரிச்சு அதை மட்டும் மாத்தணும். இதுக்கு எனக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு.

கடைசியில டயருக்குக் காத்து. லாரிக் கடையில ஒரு பழக்கம். காத்து அடிச்சதும் சுத்தியலால டயரை ஒரு தட்டு தட்டுவோம். கல்லு மாதிரி ணங்குன்னு கேக்கணும். கேக்கலைன்னா முதலாளி விட மாட்டாரு. நானும் தட்டினேன், கேட்டுச்சு. மெட்ராஸ் ரோட்டுல அந்த வண்டி தேர் மாதிரி போச்சு. பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாங்க அக்கா. முதலாளி வாசல்ல நின்னு, "நம்ம கடை வேலைடா," அப்படின்னு போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் சொல்லிக்கினு இருந்தாரு. எனக்குத் தலைகால் புரியலை.

4. தண்ணி கட்டின மண்

மல்லாட்டை புடுங்கிறதுக்கு முன்னாடி நிலத்துக்குத் தண்ணி கட்டுவாங்க. மண்ணு நெகிழ்ந்தாதான் செடி காயோட வரும். ஒலக்கூர் பக்கத்துல பொறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனா சக்கரம் போடும்போது என் புத்தியில மெட்ராஸ் ரோடுதான் இருந்துச்சு.

வண்டியை லாரியில ஏத்திக்கினு நானும் போனேன். சூசை, அவர் பொஞ்சாதி, புடுங்க வந்த பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க எல்லாரும் வரப்பு மேல. அக்கா சுவிட்சைப் போட்டாங்க. வண்டிப்பாட்டை தாண்டி நிலத்துல எறங்கினதும் பத்தடி போச்சு. அதோட சரி. பின்சக்கரம் சுத்திச் சுத்தி ஆக்ஸில் வரைக்கும் குழி வெட்டிக்கிச்சு. நான், சூசை, லாரி டிரைவர், கிளீனர் நாலு பேருமா நாற்காலியோட அக்காவைத் தூக்கி வரப்புல வெச்சோம். பொம்பளைங்க யாரும் சிரிக்கலை. சிரிச்சிருந்தாக்கூட எனக்குத் தேவலை.

சூசை பக்கத்துல வந்தாரு. "போதும் அண்ணி. நல்லாத்தான் செஞ்சாரு இந்தத் தம்பி. மண்ணு ஒத்துக்கல."

எனக்கு மூக்குக்கு மேல கோவம், யார் மேலன்னுதான் தெரியலை. பம்ப்பை எடுத்து டயருக்கு இன்னும் காத்து அடிக்க ஆரம்பிச்சேன். லாரிக்காரன் புத்தி! சேத்துல மாட்டினாலும் காத்து, மேட்டுல ஏறலைன்னாலும் காத்து.

அக்கா என்னையே பார்த்துக்கினு இருந்தாங்க. "தம்பி, அதை ஏன் கல்லாட்டம் ஆக்கற?"

"காத்து கொறைஞ்சா டயர் வெட்டிக்கும்க்கா. ரிம்முல நழுவி வால்வைப் பிச்சுடும்."

"லாரிக்கு வெட்டும். நீ என்ன மூட்டையா ஏத்தப் போற? என்னத்தான ஏத்தற?" கொஞ்ச நேரம் மண்ணைப் பார்த்தாங்க. "சேத்துல நடக்கறப்ப நாம இன்னா பண்ணுவோம்? வெரல விரிச்சு, பாதத்த அகலமா வெச்சு நடப்போம். குதிகால ஊனினா முழங்கால் வரிக்கும் எறங்கிடும். நான் நடந்து பல நாளாச்சு, ஆனா மறக்கல. காத்த எறக்கு."

நான் எறக்க மாட்டேன்னேன். நிஜமாத்தான். படிச்ச தொழிலை ஒருத்தர் வரப்புல உட்கார்ந்துக்கினு தப்புன்னு சொன்னா யாருக்குப் பொறுக்கும்? அவங்களே குனிஞ்சு, எட்டின மட்டும் ஒரு வால்வைத் தொறந்து விட்டாங்க. உஸ்ஸுன்னு எறங்கிச்சு. அதுக்கு மேல என்ன பண்றது, மத்த நாலையும் நானே எறக்கினேன். அமுக்கினா கட்டைவிரல் பதியற அளவுக்கு. எங்க கடையில அப்படி ஒரு டயரை விட்டா வேலையை விட்டே தூக்கிடுவாங்க. நாற்காலியை மறுபடி நிலத்துல எறக்கி வெச்சோம்.

அக்கா சுவிட்சைப் போட்டாங்க. டயர் மண்ணுமேல பரந்து உட்கார்ந்துச்சு. டைனமோ முனகிச்சு. வண்டி நகர்ந்துச்சு. முன்ன மாட்டின குழிக்குப் பக்கத்துலயே போய், அதைத் தாண்டி, நிலத்து நடுவுக்கே போச்சு. அங்க நிறுத்தி, மேற்குப் பக்கமா கையை நீட்டி ஒரு செடியைப் பிடிச்சு இழுத்தாங்க. கொத்தாக் காய் வந்துச்சு. ஒரு காயை உடைச்சுப் பார்த்துட்டு வரப்பைப் பார்த்துக் குரல் குடுத்தாங்க.

"மேக்கால இன்னும் முத்தல போலக்கீது. யாரும் அங்க எறங்க வேணாம்."

சூசை வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு நிலத்துல எறங்கி நடந்தாரு. நாற்காலிக்கிட்ட போய் நின்னு, தலையைச் சொறிஞ்சுக்கினு, நாலு பேர் கேக்கவே கேட்டாரு: "அப்ப ஆளுங்கள எங்கேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லட்டும் அண்ணி?"

நான் லாரிக்குப் பின்னாடி போய் நின்னு அழுதேன். சந்தோஷத்துலதான். இதைச் சொல்ல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்லை.

அந்த வண்டி பல மகசூல் பார்த்துச்சு. தீர்ந்த பாட்டரி பஸ்ஸுல எங்க கடைக்கு வரும், சார்ஜ் ஏத்தினது திரும்பிப் போகும். பின்னாடி இதே மாதிரி இன்னும் மூணு நாற்காலி செஞ்சு குடுத்தேன், ஒண்ணு பக்கத்துல இருக்கிற பிரம்மதேசம் கிராமத்துக்கு. நாலுமே என் வேலைன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன். ஆனா மத்த மூணுக்கும் வெல்டிங் ராடைத் தொடறதுக்கு முன்னாடியே அந்த ஊருக்குப் போனேன். நாற்காலியில உட்காரப் போறவங்க எங்க போய் நிக்கணும்னு ஆசைப்படறாங்களோ அந்த மண்ணுல செருப்பைக் கழட்டிட்டு நடந்து பார்த்தேன். வேலைக்கு வர்ற பசங்க ஒயரிங், வைண்டிங் எல்லாம் எங்க வேணா கத்துக்கலாம். இதை எனக்குக் கத்துக்குடுத்தது நடக்க முடியாத ஒரு அக்கா.