பெரிய வெள்ளிப் பாட்டின் சுதி

அம்மா புன்னைக்காயல் கோவிலில் ஆர்மோனியம் வாசித்தாள். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த வருடம் தொடங்கி, விரல்கள் மடங்கிப்போகும் வரை வாசித்தாள். எண்பதைத் தாண்டி இருந்தாள். அந்த ஆயுளில் பெரும்பகுதி கோவிலுக்கும் எனக்கும் போனது. எனக்குப் போன பகுதியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நான் அங்கே இருக்கவில்லை.

அப்பா சங்கு குளிக்கப் போய் இறந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அம்மா பகலில் மற்றவர்களுடைய வலைகளைச் சரிசெய்வாள். சாயங்காலம் கோவில் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி கிழிந்தால் தோணியின் பழைய பாய்த் துணியை வெட்டிப் பசை தடவி ஒட்டுவாள். என்னைத் தூத்துக்குடியில் விடுதியில் சேர்த்தாள். எட்டாம் வகுப்புப் பாதியில் சுவர் ஏறிக் குதித்தேன். உப்பளம், லாரியில் கிளீனர், கொச்சியில் ஐஸ் கம்பெனி என்று சுற்றிவிட்டுக் கடைசியில் தோணியில் பண்டாரி ஆனேன், அதாவது சமையல்காரன். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப்போகும் தோணிகள். ஆடுகிற அடுப்பில் சோறு வடிக்கத் தெரிந்தவனுக்கு அங்கே சான்றிதழ் கேட்பதில்லை.

எங்கள் கோவிலில் பெரிய வெள்ளிக்கிழமை ஒரு பாட்டு உண்டு. சிலுவையிலிருந்து இயேசுவின் சுரூபத்தை இறக்கும்போது பாடுவது. மகனைப் பார்த்து மாதா கேட்பதைப் பெண்கள் பாடுவார்கள். மகன் சொல்லும் பதிலை ஒரு ஆண் தனியாகப் பாட வேண்டும். அன்றைக்குப் பெட்டி வாசிக்கக் கூடாது. அம்மா பூசை உடுப்பு அறைக்குள் போய் ஒரே ஒரு கட்டையை அமுக்கிக் கேட்டுவிட்டு, அந்தச் சுதியைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் கோவிலுக்குள் நடந்து வருவாள். அவள் முனகலைப் பிடித்துக்கொண்டு பெண்கள் தொடங்குவார்கள்.

குரல் உடைந்த பிறகு ஒரு வருடம், பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலம் முழுக்க ஊரில் இருந்தேன். அம்மா எனக்கு மகன் பாகத்தைச் சொல்லிக்கொடுத்தாள். நன்றாகவே வந்தது. கடைசி வாரத்தில் கொச்சிக்குப் போகிற லாரியில் இடம் கிடைத்தது. ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பாகத்தை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. சாமியார் கேட்டால், “ஆள் வாரான் சாமி” என்பாளாம். ஆள் வராததால் அதையும் பெண்களே பாடினார்கள்.

நான் வராததற்குக் கடல்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லிவந்தேன். அதில் பொய்யும் இல்லை. மாசி பங்குனியில் கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடக்கும், தோணிகள் ஓயாமல் ஓடும். ஆனி ஆடிக் காற்றில்தான் கரையில் கட்டுவார்கள். நான் வீட்டுக்கு வருவதும் அப்போதுதான்.

“ஏலே, வாற பெரிய வெள்ளிக்காவது நிப்பியா?”

“பங்குனியில தோணி நிக்காதும்மா. ஆடியிலதான் கட்டுவான்.”

“அப்போ ஆண்டவர ஆடியில சிலுவையில அறையச் சொல்லட்டா?”

இதைச் சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைப்பாள்.

ஒரு வருடம் வந்துவிடலாம் என்றுதான் புறப்பட்டேன். மாலேயில் சரக்கு இறக்க ஆள் கிடைக்காமல் தோணி நின்றுவிட்டது. தூத்துக்குடியில் இறங்கியபோது பெரிய வெள்ளி முடிந்து சனிக்கிழமை. வீட்டுக்குப் போனேன். அம்மா வெள்ளைச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். “சாப்ட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

இன்னொரு தடவை, ஆடியில், நானே சொன்னேன்: “இப்ப வாசிம்மா. வீட்டுல பாடிருவோம். நீயும் நானும்தான, யாரு கேக்கப் போறா?”

அந்தப் பாட்டை வீட்டில் பாடக் கூடாது. பாடினால் அந்த வீட்டில் சாவு விழும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பல துறைமுகத்தில் சோறு தின்றவனுக்கு அதெல்லாம் விட்டுப்போயிருந்தது. அம்மா துருத்தியை மூடிக் கொக்கியை மாட்டினாள்.

“கடலுக்குப் போறவன வச்சுக்கிட்டு நான் அதப் பாடுவனா? ஒருத்தரக் குடுத்தது போதும்.”

பாட வேண்டிய காலத்தில் நான் இல்லை. நான் இருந்த காலத்தில் பாட முடியவில்லை.

ஒன்று மட்டும் ஒவ்வொரு ஆடியிலும் நடந்தது. நான் வந்த மறுநாள் பெட்டியைத் திறந்து, “பெட்டியில சுதி சரியா இருக்கான்னு பாக்கணும், ஒரு ‘ஆ’ குடு” என்பாள். குடுப்பேன். இரண்டு மூன்று கட்டைகளை மாற்றி மாற்றி அமுக்குவாள். “இன்னும் கீழ குடு. இப்ப மேல போ. ஏலே, பீடிய விட்டியா?” என்பாள். பழைய பெட்டி, ஏதோ பழுது பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவேன்.

கடைசி இரண்டு வருடம் அவளுக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஒரு ஐப்பசியில் இறந்தாள். நான் மாலேயில் இருந்தேன். தோணி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. மழையில் குழிமேட்டு மண் இறங்கிப் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் மண் போட்டு மட்டம் பண்ணினேன்.

அடுத்த பங்குனியில் தோணி ஏறவில்லை. முதலாளியிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஊரில் இருந்தேன். பாட்டுப் பழக்கும் இடத்துக்குப் போய், மகன் பாகத்தைப் பாட வந்திருக்கிறேன் என்றேன். அம்மா இடத்தில் இப்போது பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். போனிலேயே சுதி வைக்கிறாள். பெண்கள் தொடங்கினார்கள். எங்கோ உச்சியில் போனது. என் இடம் வந்தபோது வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது.

“அண்ணே, உங்களுக்கு எத்தன கட்ட?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“தெரியாதும்மா.”

பின்வரிசையில் மைனி இருந்தாள். என் சித்தப்பா மகனுடைய மனைவி, ஆரம்பத்திலிருந்தே அம்மாவிடம் பாடியவள்.

“அவருக்கு ஒண்ணுல வையி” என்றாள். “மாமி கடைசியா அங்கனதான் வச்சிருந்தா.”

எனக்குப் புரியவில்லை. மைனி சிரித்தாள்.

“கொழுந்தனாரே, நீரு ஒண்ணும் அறியாத ஆளுதான். பொம்பளைக்கு அஞ்சு கட்ட இல்லாமப் பாட வராது. மாமி உமக்காவ ரெண்டுல வச்சா. பொறவு ஒன்னரை. பொறவு ஒண்ணு. ஒவ்வொரு ஆடியிலயும் உம்ம குரலப் பாத்து வச்சிருவா. பாட்டு வரவரக் கெணத்துக்குள்ள எறங்குது மாமி, தொண்டையில காத்துதான் வருதுன்னு சண்ட போட்டிருக்கோம்.”

“அம்மா என்ன சொன்னா?”

“மாதா உச்சத்துலயா அழுவா, அடிவயித்துலல்லாடி அழுவான்னா. மாதா அழட்டும் மாமி, நாங்க எதுக்குத் தவளை மாதிரிக் கத்தணும்னு நான் கேட்டேன். என் பிள்ள திடீர்னு வந்து நின்னா அவனுக்கு எட்டணும்லா அப்டின்னா. அதுக்குமேல எவ பேசுவா?”

மற்ற பெண்களும் சிரித்தார்கள். மாமி போனபிறகுதான் தங்கள் தொண்டைக்கு விடுதலை என்று ஒருத்தி சொன்னாள். அதில் கோபம் எதுவும் இல்லை. நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஊர் முழுக்க அத்தனை காலம் என் குரலுக்குள் குனிந்து பாடியிருக்கிறது. அதைக் கேட்க நான் ஒரு தடவைகூட வரவில்லை.

பெரிய வெள்ளியன்று ஒன்றில்தான் தொடங்கினார்கள். போனை வெளியே வைத்துவிட்டு அந்தப் பெண் முனகலைக் கொண்டு வந்தாள். சுரூபத்தின் வலது கையிலிருந்து ஆணியைக் கழற்றினார்கள். என் இடம் வந்தது. முதல் வரி, அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் உட்கார்ந்தது. இரண்டாவது வரி மேலே போகிற இடத்தில் குரல் உடைந்தது. அந்த ஒன்று, அம்மா கடைசியாகப் பார்த்துவைத்த குரலுக்கு. அதற்குப் பிறகு இரண்டு ஆடி போயிருந்தது, யாரும் பார்க்கவில்லை. மைனி ஒரு மூச்சும் விடாமல் என் வரியை எடுத்துக்கொண்டாள். மற்றவர்களும் சேர்ந்தார்கள். மகனுடைய பதிலை, எப்போதும்போல, பெண்களே பாடி முடித்தார்கள்.

வெளியே வந்ததும் மைனி சொன்னாள்: “அடுத்த வருசம் நீரு தோணிக்கே போயிரும். எங்களுக்குத் தொண்ட வலிக்கி.” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

தோணிக்குத் திரும்பிவிட்டேன். பாட்டு மறுபடி ஐந்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அவர்கள் தொண்டைக்கு அதுதான் சரி. இந்த ஆடியில் வீட்டுக்கு வந்தபோது பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். பாய்த் துணி ஒட்டு இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் துருத்தியைத் தள்ளி, மறு கையால் ஒவ்வொரு கட்டையாக அமுக்கி, ‘ஆ’ என்று குடுத்துப் பார்த்தேன். எது என்னுடையது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை.