எபியேரே டாக்டரை முழுங்க வைத்த மாத்திரை

போர்ட் ஹார்கோர்ட் சந்தையில வாழைக்காய் சுட்டு, மீனோட விக்கிறவ எபியேரே. பக்கத்து அடுப்பு என்னுது. வாய் நீளம் அவளுக்கு, யாரையும் விடமாட்டா. ஆனா அக்கா அயெபான்னா உயிர்.

அந்த அக்காவுக்கு பிரஷர். ஆஸ்பத்திரி மாத்திரையில நல்லா ஓடிக்கிட்டிருந்தவளை டகோகோ கெடுத்தான். பஸ்ஸுல ஏறி முதல்ல ஜெபம் பண்ணி, எல்லாரும் ஆமென் சொன்னதும் மாத்திரைப் புட்டியைத் தூக்கிக் காட்டுவானே, அந்தப் போலி டாக்டர்தான். "போட்டதும் உடம்பு தீயா எரியும். அடைச்ச குழாய் திறக்குதுன்னு அர்த்தம். ஆஸ்பத்திரி மருந்தைக் குப்பையில போடுங்க!" அக்காவுக்கும் எரிஞ்சது. நம்பிக் குப்பையில போட்டா. அடுத்த மாசமே ஒரு பக்கம் விழுந்துபோச்சு. வாய் கோணி, பேச்சும் போச்சு.

நர்ஸு புட்டியைப் பார்த்துத் தலையில அடிச்சுக்கிட்டா. "இது பி வைட்டமின்ல ஒரு வகை. தோலுக்கடியில இருக்கிற ரத்தக்குழாயைக் கொஞ்ச நேரம் விரிச்சுவிடும். அதான் சூடு, அரிப்பு. தானா அடங்கிடும். பிரஷருக்கு இது மருந்தே இல்ல."

எபியேரே அழலை. "அவன் வாயாலயே ஆஸ்பத்திரின்னு கத்த வைக்கிறேன் பாரு"ன்னா. அடுப்பை அணைச்சுட்டு, டகோகோ ஏறின பஸ்ஸுல அவகூடவே நானும் ஏறினேன்.

ஜெபம் முடிஞ்சது. எங்க ஆமென்தான் பெரிசு. முன்சீட்டுல ஒரு பெரியவர், மடியில ஆஸ்பத்திரி மாத்திரைப் பையோட, டகோகோகிட்ட காசை நீட்டினார். எபியேரே குறுக்கே கையை வச்சா.

"டாக்டர் ஐயா, முதல்ல நீங்க போட்டுக் காட்டுங்க. இதே புட்டியிலேர்ந்து."

"எனக்கென்னம்மா நோவு?"

"நோவில்லாதவனுக்கு என்னய்யா பயம்? முழுங்கு!" பின்சீட்டுக்காரன் கத்தினான். பஸ்ஸே சிரிச்சது. மானம் போகுதேன்னு டகோகோ ரெண்டு மாத்திரையை வாயில போட்டான்.

வழக்கமா அடுத்த ஸ்டாப்புல குதிச்சு ஓடிடுவான். அன்னிக்குப் பாலத்துமேல டிராஃபிக், வண்டி நகரலை. கதவுப்பக்கம் எபியேரே சட்டமா உட்கார்ந்திருந்தா. "இருங்க டாக்டர், மருந்து வேலை செய்யட்டும்."

கொஞ்ச நேரத்துல காதைச் சொறிஞ்சான். அப்புறம் கழுத்து, நெஞ்சு. சட்டைப் பித்தானைப் பிச்சான். ஊருக்கெல்லாம் வித்த பாவி, தான் ஒருநாளும் போட்டதில்லை போல!

"ஐயோ எரியுதே! நெஞ்சு படபடங்குது! கண்டக்டர், ஆஸ்பத்திரிக்கு விடு!"

"எங்க?"ன்னா எபியேரே.

"ஆஸ்பத்திரிக்கும்மா!"

"காது கேக்கலை. சத்தமாச் சொல்லு."

கத்தினான். பஸ் முழுக்கக் கேட்டது. பெரியவர் காசைத் திரும்பச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு, மாத்திரைப் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார்.

எபியேரே அவன் முகத்துக்கு நேரா குனிஞ்சா.

"சாகமாட்டேடா. கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும். நடந்து வீட்டுக்குப் போவ, பொண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவ. எங்க அக்காவுக்கு என் பேர் வரலை."