எஞ்சின் சூட்டில் காய்ந்த காப்பி

பண்ணைக்காட்டுக்கு மேலே, ஜீப் பாதை முடிந்த பின்னும் நடந்து ஏற வேண்டிய ஒரு குடியிருப்பில், காப்பி விவசாயிகளின் கூட்டமைப்பில் சில காலம் வேலை பார்த்தேன். அங்கே மின்சாரத்தை நம்ப முடியாது. பறித்த பழத்தின் தோலை அன்றே உரிக்காவிட்டால் புளித்துவிடும். தோலுரிக்கும் இயந்திரத்தை ஓட்ட, ரோட்டரி எஞ்சின் ஒன்றைச் சோதனைக்காக வரவழைத்தோம். பிஸ்டன் ஏறி இறங்குவதற்குப் பதிலாக முக்கோண ரோட்டர் ஒன்று அதற்குள் சுழலும். பந்தயக் கார்களில் பேர் வாங்கியது. எங்களுக்கோ, ஓர் ஆளே சுமந்து ஏற முடிந்ததுதான் அதன் பெருமை. பெட்ரோலை அதிகம் குடித்தது. புகைக்குழாய் தீயாகச் சுட்டது. இரண்டையும் குறைகள் என்றே சோதனை அறிக்கையில் எழுதி அனுப்பினேன்.

அந்தத் தை மாதம் மூடுபனி விலகவே இல்லை. கழுவிய கொட்டைகள் தார்ப்பாயில் ஈரமாகக் கிடந்தன. மேல்மலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, கணவர் திருப்பூரில் இருக்கத் தனியே தோட்டம் பார்த்துவந்த பெண்மணி ஒருவர், தன் கொட்டைகளைப் புகைக்குழாய்க்கு எதிரே பரப்பிவிட்டார். அவர் பிறந்த ஊரில் மலைப்பூண்டை அடுப்புப் புகையில் தொங்கவிட்டுத்தான் காப்பாற்றுவார்கள். புகை கெடுக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

எல்லோருக்கும் முன்னால் அவருடைய காப்பிதான் காய்ந்தது. விற்பதற்காக எல்லார் கொட்டையையும் ஒன்றாகக் கலக்குமுன் கொஞ்சம் வறுத்து இறக்கியபோது அவருடைய கொழுந்தன் முகர்ந்து பார்த்தார்.

“மதினி, இத ஊத்துனா ஜீப்பே ஓடும் போல.”

சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது. ஒரு மூட்டைதானே, கலந்தால் யாருக்குத் தெரியும் என்றார்கள் சிலர். கலந்தால் அந்தப் பெட்ரோல் புகை நெடியால் எல்லார் காப்பியும் திரும்பி வரலாம்; விலக்கினால் ஒருவரின் ஓராண்டு உழைப்பு போய்விடும். நான் இரு பக்கத்தையும் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்மணி குறுக்கிட்டார்.

“எம்மூட்டைய ஒதுக்கி வைங்க தம்பி. ஆனா அம்புட்டுச் சூடும் சும்மா போகுது. அதுக்கு ஒரு வழி பண்ணித் தாங்க.”

அந்த மூட்டை எருக்குழிக்குத்தான் போனது. அந்த இழப்பை எங்களால் ஈடுகட்ட முடியவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது. ஆனால், நான் குறை என்று எழுதிய சூட்டைப் பற்றி அதன் பிறகுதான் யோசித்தோம். அடுத்த பருவத்தில், புகை ஒரு குழாய் வழியே வெளியேற, குழாயின் வெப்பம் மட்டும் கொட்டையைத் தொடும்படி, தட்டுகள் அடுக்கிய தகரப்பெட்டி ஒன்று செய்தோம். முதல் தட்டு அவருடையது. காய்ந்ததும் ஒரு பிடி அள்ளிக் கொழுந்தனின் மூக்கருகே நீட்டினார்.

“மோந்து பாருங்க. இதுல ஜீப்பு ஓடுமா?”