முதல் வரியைத் தாண்டிய வியாழக்கிழமை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நர்சிங் முடித்த முதல் ஆளும், பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆளும், விமானம் ஏறிய முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. வெள்ளானூரில் இன்று மனைகளாகிவிட்ட நிலங்களில் என் அம்மாவும் நைனாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நிலம் விற்றுப்போனதும் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியைப் பெருக்கித் துடைக்கப் போனாள், நைனா அதே கம்பெனியில் லோடு ஏற்றப் போனார். நான் சிறுமியாக இருந்தபோது அம்மா எங்கள் தெருச் சபையில் சேர்ந்தாள், அவள் பின்னால் நாங்களும் சேர்ந்தோம். தான்சானியாவில் ஒரு மிஷன் மருத்துவமனைக்கு நர்ஸ் தேவை என்பது அந்தச் சபையின் வழியாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் கிளம்புவதற்கு முன்பு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஜெபக் கூட்டம் வைத்தார்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி அம்மாவைக் கேட்டாள்.

"ஏன்க்கா, அந்த ஊர்ல இன்னா பாஷ பேசுவாங்கோ?"

"இன்னாவா இருந்தா இன்னா? எம்பொண்ணு ஒருவாட்டி பட்ச்சா மறக்காது. ஆறு மாசத்துல அவங்களுக்கே கத்துக் குடுத்துட்டு வரும் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அம்மா சொன்னதில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை.

மருத்துவமனை ஒரு பெரிய ஏரிக்கரையில் இருந்தது. அதன் தலைமை நர்ஸ் அந்த ஊர்க்காரம்மா. வந்த அன்றே என்னை உட்காரவைத்து ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார். மருந்து எடுத்துக் கொடுக்க ஆங்கிலம் போதும். ஆனால் வார்டில் வேலை செய்கிறவள் வியாழக்கிழமை தாய்மார் வகுப்பை அந்த ஊர்ப் பாஷையான சுவாஹிலியில் தனியாக நடத்தியாக வேண்டும். மழைக்காலத்தில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். அதற்குள் நான் தயாராகாவிட்டால் நகரத்தில் உள்ள மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே கம்ப்யூட்டர் வேலை இருக்கிறதாம்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதென்றால் நான் அம்பத்தூரிலேயே உட்கார்ந்திருப்பேனே.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். மனப்பாடம். பத்தாவதில் வரலாற்றுப் பாடத்தைக் கமா, முற்றுப்புள்ளியோடு ஒப்பித்தவள் நான். நர்சிங்கிலும் அப்படித்தான் தேறினேன். ஆங்கிலமும் சுவாஹிலியும் தெரிந்த ஒரு வார்டு ஊழியரிடம் வயிற்றுப்போக்கைப் பற்றி ஒரு பாடம் எழுதி வாங்கிக்கொண்டேன். குளிக்கும்போதும் துணி அலசும்போதும் அதையே சொல்லிச் சொல்லி, கடைசியில் மூச்சு வாங்காமல் ஒப்பிக்க வந்துவிட்டது.

மழை தொடங்கியதும் என் வியாழக்கிழமை வந்தது. வேப்பமரத்தடியில் பாய் விரித்துத் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள், மடியில் குழந்தைகள். தலைமை நர்ஸ் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார். நான் பரீட்சை எழுதுகிறவளைப் போல நேராக முதல் வரியில் ஆரம்பித்தேன். இரண்டாவது வரி முடிவதற்குள் முன்னால் இருந்த ஒரு பெண் "உண்மை, உண்மை" என்றாள். இன்னொருத்தி, "என் தங்கச்சி பிள்ளைக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றாள்.

அவ்வளவுதான், எனக்கு மூன்றாவது வரி மறந்துபோனது. மறந்தால் நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். மறுபடி முதல் வரிக்குப் போனேன்.

மறுபடி "உண்மை" என்றார்கள். மறுபடி முதல் வரி. அதற்கப்புறம் என் முதல் வரியை என்னோடு சேர்ந்து அந்தப் பெண்களே ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். சிரித்துச் சிரித்து ஒருத்தி குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைமை நர்ஸ் சிரிக்கவில்லை. "அடுத்த வியாழக்கிழமை இன்னொரு முறை. அதோடு முடிவு" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அன்று வீடியோ காலில் அம்மா என் முகத்தைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாடி, மூஞ்சி தொங்கிப்போயி கீது? சோறு துன்னியா இல்லியா?"

நடந்ததைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தால், அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"யோவ், இங்க வந்து கேளு. உம்பொண்ணு அங்க போயும் மொதல்லேர்ந்து ஆரம்பிச்சிகீதாம்!"

நைனா திரைக்குள் தலையை நீட்டினார். "பத்தாவதுல ஒப்பிக்க சொல்லோ குக்கர் விசில் அடிச்சாக்கூட மொதல்லேர்ந்துதான நீ சொல்லுவ? உங்கம்மா சோறு ஆக்கவே பயந்துகினு கெடந்தா."

"நைனா, நானே நொந்துபோயி கீறேன்."

"அட உடும்மா. குக்கர்ன்னா நிறுத்திட்டோம். அந்தம்மாங்க வாயை நிறுத்த முடியுமா?"

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். ஆனால் கடைசியாக அவர் கேட்ட கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. எங்கள் சபையில் போதகர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் பெண்கள் "ஸ்தோத்திரம்" சொல்வார்கள். அதற்காக அவர் ஒரு நாளும் தடுமாறியதில்லை. நான் பாயில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னவள், முன்னால் நின்று அதை வாங்கிக்கொண்டவள் இல்லை. இந்த ஊர்ப் பெண்களும் பதில் சொல்லிக்கொண்டேதான் கேட்கிறார்கள். அவர்கள் வாயை மூடியிருந்தால்தான் நான் கவலைப்பட வேண்டும்.

அந்த வாரம் நான் எதையும் ஒப்பிக்கவில்லை. வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் போய்க் கேள்வி மட்டும் கேட்டேன். பிள்ளைக்கு என்ன கொடுத்தாய்? எப்போது கொடுத்தாய்? அப்புறம் என்ன ஆச்சு? அவர்கள் சொன்னதில் பாதி புரிந்தது. புரியாததைத் திரும்பக் கேட்டேன். சலித்துக்கொள்ளாமல் கையைக் காட்டி, வயிற்றைப் பிடித்து நடித்துக் காட்டினார்கள். ஒரு பெண் என் உச்சரிப்பைத் திருத்துவதற்காகவே தன் குழந்தைக்கு மருந்து நேரம் முடிந்த பிறகும் என்னைப் பிடித்துவைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை வெறும் வாயோடு போகவில்லை. ஆறவைத்த கொதிநீர் ஒரு லிட்டர், சர்க்கரை, உப்பு, ஒரு டீஸ்பூன், ஒரு காலி ஜக்கு. அந்த ஓரத்தில் அதே நாற்காலி, அதில் தலைமை நர்ஸ்.

முதலில் ஒவ்வொருத்தியிடமும் நலம் விசாரித்தேன். வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, மழையில் வழி எப்படி இருந்தது. அங்கே அதைச் செய்யாமல் யாரும் எந்தப் பேச்சையும் தொடங்குவதில்லை. போன வாரம் அதை நேர விரயம் என்று விட்டிருந்தேன்.

பிறகு கேட்டேன்: "பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. முதலில் என்ன கொடுப்பாய்?"

"ஒண்ணும் கொடுக்க மாட்டேன். கொடுத்தா இன்னும் போகும்" என்றாள் ஒருத்தி.

"பொய்! என் பிள்ளைக்கு அப்படி விட்டுத்தான் கண்ணு உள்ளே போயிடுச்சு" என்று பின்னாலிருந்து இன்னொருத்தி கத்தினாள்.

என் மூன்றாவது வரி அதுதான். நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள். "கண் ஏன் உள்ளே போச்சு?" என்று அவளையே கேட்டேன். "தண்ணி போச்சு" என்றாள். "போன தண்ணியை யார் திருப்பிக் கொடுப்பது?" என்று ஜக்கை நீட்டினேன். கூட்டமே "நாங்கதான்!" என்றது.

ஒருத்தி எழுந்துவந்து கலக்க ஆரம்பித்தாள். மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எனக்குச் சுவாஹிலியில் "மட்டமாக" என்ற சொல் வரவில்லை. விரலால் ஸ்பூனின் மேல் வழித்துக் காட்டி, "இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டேன். நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள். நான் திருப்பிச் சொன்னதும் கைதட்டினார்கள்.

அப்போது தலைமை நர்ஸ் எழுந்தார். அவர் நாற்காலியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு கட்டடத்துப் பக்கம் நடந்தார். என் பக்கத்தில் வரும்போது நின்று, அதுவரை என்னிடம் ஆங்கிலம் மட்டுமே பேசிவந்தவர், முதல்முறையாகச் சுவாஹிலியில் சொன்னார்:

"முடிந்ததும் எடை போடும் அறைக்கு வா. அங்கேயும் கூட்டம் நிற்கிறது. இனிமேல் வியாழக்கிழமைக்கு எனக்கு நாற்காலி வேண்டாம்."

"வருகிறேன்" என்று நானும் சுவாஹிலியிலேயே சொன்னேன். அதை நான் யோசித்துச் சொல்லவில்லை என்பது அவர் போன பிறகுதான் எனக்கே உறைத்தது.

திரும்பினால், கலக்கிக்கொண்டிருந்தவள் ஏழாவது ஸ்பூன் சர்க்கரையை எடுத்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மொத்தப் பாயும் "போடாதே!" என்று அலறியது.