சோலைச்சாமி வீட்டு உறியில் தொங்கிய பந்து

நாகலாபுரத்துக்குத் தெற்கே இரண்டு மைல் தள்ளி இருக்கிற புளியங்கரிசலில், எல்லார் வீட்டு உறியிலும் மோர்ச்சட்டி தொங்கும். சோலைச்சாமி வீட்டு உறியில் பந்து தொங்கியது. மோர்ச்சட்டி தரையில் கிடந்தது. பூனை வேளை தவறாமல் வந்து குடித்துவிட்டுப் போகும். அவர் மனைவி வேலுத்தாய் கேட்டால், "மோரப் பூனை குடிச்சா நமக்குத்தான் நட்டம். பந்த எலி கடிச்சா ஊருக்கே மானக்கேடு" என்பார்.

அது விடிவெள்ளி கால்பந்துக் குழுவின் பந்து. குழுவுக்கு ஓர் அறை கிடையாது, பெட்டி கிடையாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வோர் ஆவணியிலும் நாகலாபுரத்து அணியோடு பந்தயம் நடக்கும். அது முடிந்ததும் எல்லாரும் வறண்ட கண்மாய்க் கரையில் உட்கார்ந்து, அந்த வருஷம் குழுவுக்காக யார் அதிகம் பாடுபட்டாரோ அவர் கையில் பந்தைக் கொடுப்பார்கள். அடுத்த ஆவணி வரை அவர் வீடுதான் பந்து வீடு. ஊருக்குள் கல்யாணத்துக்குப் பாக்கு வைக்கிறவர்கள் கோயிலுக்கு அடுத்தபடி பந்து வீட்டுக்குத்தான் வருவார்கள். பதினோரு வருஷமாக அந்தப் பாக்கைச் சோலைச்சாமிதான் வாங்கி மென்றுகொண்டிருந்தார்.

இத்தனைக்கும் அவர் ஒரு நாளும் பந்தை உதைத்தவர் இல்லை. மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல், அதில் மிளகாயும் பருத்தியும். அவ்வளவுதான் அவர். ஆனால் சைக்கிள் பம்பை எடுத்துப் பந்துக்குக் காற்றடிக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பார், காதோரம் வைத்துக் கேட்பார், "இன்னும் ரெண்டு மூச்சு கேக்குது" என்பார். அது சொன்னபடியே ரெண்டு மூச்சில் நிறைந்துவிடும். தோலுக்கு அவர் தடவுகிற தேங்காயெண்ணெயை வேலுத்தாய் தலைக்குத் தடவியிருந்தால் கூந்தல் கோவில்பட்டி வரைக்கும் வளர்ந்திருக்கும். தொண்டையும் அப்படி. ஒரு பந்தயத்தில் அவர் கரையில் நின்று, "ஏலே, எறங்கி ஆடுங்கலே" என்று போட்ட சத்தத்தில் கடம்பூரில் ரயில் நின்றுவிட்டது என்பார்கள். கடம்பூரில் ரயில் எப்படியும் நிற்கும் என்பது வேறு விஷயம்.

இந்த மாதிரி இருந்த மனிதருக்கு வயிற்றெரிச்சல் ஒரு தையல் மெஷினில் ஏறி வந்தது.

எபநேசர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். பஸ் நிற்கிற வேப்பமரத்தடியில் கீற்றுப் பந்தல் போட்டு மெஷினை இறக்கினார். வந்த இரண்டாம் வருஷமே, அதுவரை பனியனோடு ஆடிக்கொண்டிருந்த விடிவெள்ளிப் பையன்களுக்கு வேட்டித் துணியில் நீலம் தோய்த்துச் சட்டை தைத்துக் கொடுத்தார். முதுகில் சிவப்பு நூலால் நம்பர். கூலி வாங்கவில்லை. அந்த வருஷம் விளாத்திகுளம் சந்தையில் நாலு பேர் நிறுத்தி, "சட்டை பிரமாதமா இருந்துச்சே, எந்த டெய்லர்?" என்று சோலைச்சாமியிடமே கேட்டார்கள். பந்தில் காற்று நன்றாக இருந்ததே, யார் அடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"காத்து கண்ணுக்குத் தெரியுமா? சட்டைதான் தெரியும்" என்றாள் வேலுத்தாய்.

"அந்தச் சட்டையில நீலம் சாயம் போகுது பாத்தியா? வேர்த்தா பூரா நீல முதுகு" என்றார் அவர். ஆறு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆடியில் மெட்ராஸ் ஐ வந்தது. உலகம் பூராவும் சுற்றிவிட்டு வருகிற சீக்கு என்று ரேடியோவில் சொன்னார்கள். புளியங்கரிசலுக்கு அது பஸ்ஸில் வந்தது. பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருந்ததால் எபநேசரைத்தான் முதலில் பிடித்தது. பத்தே நாளில் ஊர் முழுக்கக் கோவைப்பழக் கண். காலையில் பீளை ஒட்டி இமை திறக்காது. வெயிலைப் பார்க்க முடியாது, அடுப்புப் புகையில் நிற்க முடியாது. வீட்டுக்கு வீடு இப்படி ஆனால் யார் தண்ணீர் எடுப்பது, யார் கஞ்சி காய்ச்சுவது?

விடிவெள்ளியின் கேப்டன் அருள்மணி, ஆரம்பப் பள்ளி வாத்தியார். அவர் கண்மாய்க் கரையில் குழுவைக் கூட்டினார். யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

"இனிமே ஆட்டம் கெடையாது. வீடு வீடாக் கஞ்சி, தண்ணி, ஆட்டுக்குக் கொழை தழை, எல்லாம் நம்ம குழுதான் பாக்கணும்" என்றார் அருள்மணி. "ஆனா ஒண்ணு. கண்ணுவலி வந்து குணமானவங்க மட்டும் சீக்கு வீட்டுக்குப் போகணும். அவங்களுக்குத் திரும்ப வராது. வராதவங்க வீட்ட விட்டு வெளியவே வரக்கூடாது."

"நான் எங்கன நிக்கணும்?" என்றார் சோலைச்சாமி.

"ஒங்களுக்குத்தான் வரலியே அண்ணாச்சி. வீட்டுல இருந்து பந்தப் பாத்துக்கிடுங்க."

குணமானவர்களில் மூத்தவர் எபநேசர். ஆகவே அவர் தலைமையில் பத்துப் பேர் கம்பங்கஞ்சித் தூக்குவாளியோடு தெருத்தெருவாகப் போனார்கள். சோலைச்சாமி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு வாசலிலும், "டெய்லரு வந்துட்டாரு" என்று ஒரு குரல். எபநேசர் பழைய துணிகளை வெட்டிக் கண்ணுக்கு மறைப்புத் தைத்துக் கொடுத்தார். கிழவிகளுக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ள நந்தியாவட்டைப் பூப் பறித்துக் கொடுத்தார். கண் திறக்க முடியாதவர்களை வெளியே போக வரக் கைபிடித்துக் கூட்டிப் போனார். பதினோரு வருஷம் தேங்காயெண்ணெய் தடவிய கை இங்கே சும்மா இருக்கிறது. ஆவணியில் பந்து யார் கைக்குப் போகும் என்று சோலைச்சாமிக்குக் கணக்கு வாத்தியார் வந்து சொல்ல வேண்டியதில்லை.

சீக்கு வந்தவனைப் பார்த்து ஊரே இரக்கப்பட்டபோது, சீக்கு வரவில்லையே என்று பொறாமைப்பட்டவர் அநேகமாக ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான்.

வரவழைக்கப் பார்த்தார். பக்கத்து வீட்டுச் சங்கரம்மாள் வாசலில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தபோது, எதிரே போய் நின்று இமை கொட்டாமல் அரை மணி நேரம் பார்த்தார்.

"என்ன மச்சான், இந்த வயசுல இப்படிப் பாக்கிய?" என்றாள் அவள்.

அவர் கண் மட்டும் பால் மாதிரி வெள்ளையாகவே இருந்தது. சீக்கு அவரிடம் வர வெட்கப்பட்டதோ என்னவோ.

மூன்றாம் நாள் காலையில் குதிருக்குப் பக்கத்தில் இருந்த வற்றல் சாக்கு அவர் கண்ணில் பட்டது. முப்பது வருஷமாகக் களத்தில் மிளகாய் காயப்போட்டு அள்ளிய கை. காரம் என்றால் தனக்கு ஒன்றும் செய்யாது என்று ஒரு நினைப்பு. லேசாகச் சிவந்தால் போதும் என்றுதான் ஒரு வற்றலைக் கிள்ளி, விரலை இமையோரம் வைத்தார். உள்ளங்கை பழகியிருந்தது. கண் பழகியிருக்கவில்லை. அவர் போட்ட சத்தத்தில் கண்மாயில் மேய்ந்த கொக்கெல்லாம் எழும்பி வைப்பாற்றைத் தாண்டித்தான் இறங்கின. தண்ணீர் இல்லாத கண்மாயில் கொக்கு எதை மேய்ந்தது என்று கேட்கக்கூடாது.

வேலுத்தாய் ஓடிவந்து மோரை ஊற்றிக் கழுவினாள். பூனைக்கு அன்று பங்கு இல்லை.

"மிளகா நெடி அடிக்குதே" என்றாள்.

"மெட்ராஸ் ஐ. இப்படித்தான் நெடி அடிக்குமாம்."

அவள் அவரையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, மெட்ராஸ் ஐதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

செய்தி பரவி, எபநேசரே கஞ்சி கொண்டு வந்தார். சோலைச்சாமி கண்ணும் மூக்கும் ஒழுக, தும்மித் தும்மி அதைக் குடித்தார். கஞ்சி ருசியாக இருந்தது அதைவிடக் கொடுமை. எபநேசர் அவர் முகத்தையும் தோளில் கிடந்த துண்டையும் பார்த்துவிட்டு, "ஓய்வெடுங்க அண்ணாச்சி" என்று எழுந்து போனார்.

மற்றவர்களுக்கு ஒரு வாரம் இழுத்தது இவருக்கு இரண்டே நாளில் குணமாகிவிட்டது. மூன்றாம் நாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அருள்மணி முன்னால் போய் நின்றார். "வந்துச்சு, போயிட்டு. வாளிய எங்கன வச்சிருக்கிய?"

அந்த ஒரு வாரம் அவர் பறந்தார். எபநேசர் கீழத்தெருவுக்குள் நுழையும் முன்னே இவர் அங்கே மூன்று வீடு முடித்திருப்பார். எபநேசர் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் இவர் இரண்டு. டெய்லர் கைபிடித்துக் கூட்டிப் போன கிழவரை இவர் உப்புமூட்டை தூக்கிப் போனார். அந்தக் கிழவர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க நினைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. கண்ணில் நீர் வடிகிறவர்களுக்கெல்லாம் தோளில் கிடந்த துண்டாலேயே துடைத்து விட்டார். வாசல்களில் குரல் மாறியது. "சோலைச்சாமி வந்தாச்சு" என்றார்கள். அந்தக் குரல் கேட்ட அன்று இரவு இரண்டு வருஷத்துக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கினார்.

ஊரில் சீக்கு தணிந்ததும் பந்தயத்துக்கு நாள் குறித்தார்கள். ஆட்டக்காரர்களில் கோல் காக்கிற சாமித்துரைக்கு மட்டும் கண்வலி வரவில்லை. அவனுக்கு வந்துவிட்டால் பந்தயம் போச்சு என்று அருள்மணி அவனை ஊருக்கு வெளியே கிணற்று மோட்டார் ரூமில் தங்க வைத்திருந்தார். கஞ்சியைக் கல்லின் மேல் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துத் திரும்பிவிட வேண்டும். யாரும் கிட்டப் போகக்கூடாது. குணமானவர்கள்கூட.

பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால் கஞ்சி கொண்டுபோகிற முறை சோலைச்சாமியுடையது. தனியாகக் கிடக்கிற பிள்ளையைப் பார்த்ததும் மனசு தாங்கவில்லை. உள்ளே போய்த் தோளைப் பிடித்துவிட்டார். "ஏலே, டெய்லர் சட்டையத்தான் தச்சான். கோலக் காக்குறது இந்தத் தோளுதாம்லே" என்றார். கோயிலில் பரிவட்டம் கட்டுவதுபோலத் தன் துண்டை எடுத்து அவன் தலையில் கட்டிவிட்டு வந்தார். ஊரில் இருந்த அத்தனை கண்ணையும் துடைத்த துண்டு அது.

இரண்டு நாள் கழித்துச் சாமித்துரை கண் செக்கச்செவேல் என்று இருந்தது. ஊரே மண்டையைக் குடைந்துகொண்டது.

"சோலைச்சாமி அண்ணாச்சிதான் போனாவ. ஆனா அவியளுக்குத்தான் வந்து போயிட்டே" என்றார் அருள்மணி.

அன்று காலையில் சோலைச்சாமிக்கும் இமை ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை மிளகாய் நெடி இல்லை. வெளியே போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். ஒருவருக்கு இரண்டு தடவை வராது என்பது சின்னப் பிள்ளைக்கும் பாடமாகியிருந்தது. கதவை அடைத்துக்கொண்டு, உறிக்குக் கீழே படுத்துக் கிடந்தார்.

பந்தயத்தன்று காலையில் கதவைத் தட்டியது எபநேசர். ஒரு கையில் தூக்குவாளி, ஒரு கையில் சோப்பு.

"பந்து வேணும் அண்ணாச்சி. கழுவி எடுத்துட்டுப் போறேன்."

சோலைச்சாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். பிறகு சுவரிடமே சொன்னார். "மொதத் தடவ வந்தது மெட்ராஸ் ஐ இல்லவே."

"தெரியும். மெட்ராஸ் ஐ வந்தா தும்மல் வராது. துண்டுல ரெண்டு விதை வேற ஒட்டியிருந்துச்சு."

"அப்பமே தெரியுமா? ஏன் ஊருக்குச் சொல்லல?"

"ஒங்களுக்கும் வாளி தூக்கணும்னு ஆசையா இருந்துச்சு. நான் என்னத்தச் சொல்ல? ஆனா அந்தத் துண்டு சுத்துததப் பாத்தும் நான் வாயத் தொறக்கல. அது என் தப்பு."

சோலைச்சாமிக்கு அதுதான் தாங்க முடியவில்லை. சட்டையில் ஜெயித்தான், கஞ்சியில் ஜெயித்தான், இப்போது தப்பிலும் பாதியை எடுத்துக்கொண்டு ஜெயிக்கப் பார்க்கிறான். வாளியை எட்டித் தள்ளலாம் போல இருந்தது. பசித்ததால் தள்ளவில்லை.

பந்தயத்தில் அந்தப் பக்கமும் ஆறு பேருக்குக் கண் சிவப்புதான். அப்படியும் மூன்று கோலில் விடிவெள்ளி தோற்றது. தனக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு பந்து தெரிந்ததாகவும், தான் பிடித்தது எப்போதும் மற்றதைத்தான் என்றும் சாமித்துரை சொன்னான்.

கண்மாய்க் கரையில் கூட்டம் உட்கார்ந்தபோது சோலைச்சாமி வந்தார். தலையில் முக்காடு, கண்ணில் எபநேசர் தைத்த மறைப்பு. ஐம்பதடி தள்ளி நின்றுகொண்டார். அருள்மணி வாயைத் திறக்கும் முன்னே, வற்றல் சாக்கிலிருந்து துண்டு வரை ஒன்றுவிடாமல் சத்தமாகச் சொன்னார். கடம்பூருக்குக் கேட்டிருக்கும். பின்னால் நின்ற வேலுத்தாய்க்கு மட்டும் சிரிப்பு வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பந்து டெய்லர் வீட்டுக்குப் போகட்டும்" என்றார் சோலைச்சாமி. "தேங்காயெண்ணெய் போடணும். கடலெண்ணெய் போட்டா தோல் நாறும். உறி எலிக்கு எட்டாத ஒசரத்துல இருக்கணும். கேக்குதா?"

"கேக்குது அண்ணாச்சி."

"சரி, கொண்டு போ."

எபநேசர் பந்தை வாங்கி இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "பம்பு?"

"பம்பு என்னுது" என்றார் சோலைச்சாமி. "குழுவோடது இல்ல. எங்க மாமனார் வாங்கித் தந்தது. அது எங்க வீட்டுலதான் இருக்கும்."

அதன் பிறகு மூன்று வருஷம் பந்து எபநேசர் வீட்டு உறியில் தொங்கியது. வாரத்துக்கு ஒரு நாள், சாயங்காலம், அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலத்தெருவுக்கு நடந்து வருவார். டெய்லரிடம் சைக்கிள் இருந்தது. சைக்கிள் கடை வேப்பமரத்துக்கு எதிரிலேயே இருந்தது. பம்பு ஒன்று வாங்க அவருக்குத் தோன்றவே இல்லை. சோலைச்சாமி வேலை எதுவும் இல்லாத நாளிலும் அவரைக் கொஞ்ச நேரம் வாசலில் நிற்க வைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். பந்தை வாங்கி, முகர்ந்து பார்ப்பார். பெருவிரலால் அமுக்குவார். காதோரம் வைத்துக் கேட்பார்.

"என்ன எண்ணெய்வே போட்டீரு?"

"தேங்காயெண்ணெய்தான் அண்ணாச்சி."

"காணாது" என்பார் சோலைச்சாமி. "காத்தும் காணாது. இன்னும் ரெண்டு மூச்சு கேக்குது."