சீரத்தில் அணைந்த பச்சை

வீட்டாருக்கு அவள் ‘பிசின் அக்கா’. ஆய்வுக்கூடத்தில் அவள் செய்யும் செயற்கைப் பாலிமர், காயும் முன் பிசினைப் போல்தான் இழுபடும். மரபணுவை அதனால் சுற்றிப் பொட்டலமாக்கிச் செல்லுக்குள் சேர்ப்பது அவள் வேலை. சோதனைக்கு ஒளிரும் மரபணுவை வைப்பார்கள்; அது உள்ளே போய்ச் சேர்ந்தால் செல் பச்சையாக மின்னும்.

ஒரு நாள் தட்டு முழுவதும் பச்சை. தலைகால் புரியாமல் அன்று மாலையே தம்பி வீட்டுப் படியேறிச் சொல்லிவிட்டாள். தம்பிக்குப் பிறவியிலேயே மரபணுக் கோளாறால் தசை வலுவிழக்கும் நோய். இரண்டாம் மாடியிலிருந்து இறங்குவதே அவனுக்குப் பெரும்பாடு. கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியாகி, வீட்டுக்காரர் அவன் பதிலுக்காகக் காத்திருந்தார்.

“அப்ப கீழ் வீடு வேண்டாம்னு சொல்லிடறேன். உன் மருந்து வந்தா நான் படியில ஓடுவேன்ல?” என்றான். அவள் மறுக்கவில்லை.

மறுநாள் பக்கத்து மேசைத் தோழி படங்களைப் பார்த்தாள். “கண்ணைப் பறிக்குதுடி. சீரத்தோட போட்டுப் பார்த்தியா?”

செல்களை வளர்க்கும் திரவத்தில், இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரம் கலந்திருக்கும். அதைக் கழுவிவிட்டே பொட்டலங்களைப் போடுவது அந்தக் கூடத்தில் அனைவருக்கும் கைப்பழக்கம். மனித உடம்பில் இரத்தத்தைக் கழுவிவிட முடியுமா? அவள் கழுவாமல் போட்டாள். சீரத்தின் புரதங்கள் பாலிமரை மொய்த்துக்கொண்டன. பொட்டலங்கள் திரண்டு அடியில் தங்கின. நுண்ணோக்கியில் ஒரே இருட்டு.

மீண்டும் படியேறி, உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

தம்பி சிரிக்கப் பார்த்தான். “உன் பொட்டலத்தாலயும் நடக்க முடியலையாக்கும்!”

“மேல ஒரு உறை போட்டுப் பார்ப்போம்டா. ஆனா எத்தனை வருஷம் ஆகும்னு தெரியாது. உனக்குக் கிடைக்குமான்னும் தெரியாது.”

“நான் கீழ் வீடு வேண்டாம்னப்பவே இதைச் சொல்லியிருக்கலாம்ல?”

“உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கே நம்பணும்போல இருந்துச்சு.”

அவன் தொலைபேசியை எடுத்து வீட்டுக்காரரை அழைத்தான். “சார், நான்தான். கீழ் வீட்டை நானே எடுத்துக்கறேன்.” அதை வைத்துவிட்டு அவளிடம் திரும்பினான். “நாளைக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டா, அது அந்தக் குளியலறையில நுழையுமா? போய்ப் பார்த்துட்டு வா. இந்தத் தடவை ஒழுங்கா அளந்து சொல்லு, பிசினு.”

அளவு நாடாவோடு அவள் இறங்கினாள். குளியலறைக் கதவு நிலையில் அதை ஒருமுறை பிடித்து, நம்பாமல் மறுமுறையும் பிடித்தாள். பிறகு படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“நுழையாதுடா! நிலையை இடிச்சு அகலப்படுத்தணும்!”