நாற்பத்தேழாம் நம்பர் கட்டுகள்

நைவாஷா ஏரிக்கரைப் பூப்பண்ணையில் ரோஜாவோடு மாரடிக்கிற பெண்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். தரம் பிரிக்கிற மேஜையில் நிற்கும் ஒவ்வொருத்திக்கும் ஒரு சுருள் ஸ்டிக்கர் கொடுப்பார்கள். இருபது ரோஜாவைச் சேர்த்துக் கட்டி, அட்டையைச் சுற்றி, தன் நம்பரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். தண்டு வளைந்திருந்தாலோ இதழில் கறுப்புப் புள்ளி இருந்தாலோ கட்டு திரும்பி வரும். வந்தது அந்த நம்பர்க்காரியின் தலையில்தான் விடியும். கெமுன்டோவின் நம்பர் நாற்பத்தாறு. பக்கத்தில் நின்ற நபுலாவினுடையது நாற்பத்தேழு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மும்புவாவின் வீட்டுக்குப் பின்னால் கூடும் பெண்கள் முதலில் போட்ட சட்டமே இந்த நம்பரைப் பற்றித்தான். இங்கே யாரும் நம்பர் சொல்லக் கூடாது, பெயர்தான். வாய் தவறிச் சொன்னவள் அன்றைக்கு எல்லோருடைய டீக் கோப்பையையும் கழுவ வேண்டும். மும்புவா பன்னிரண்டு வருஷம் பூப்பண்ணையில் குனிந்து நிமிர்ந்து, முதுகு போனதும் வெளியே அனுப்பப்பட்டவள். முதுகுதான் போனது, வாய் போகவில்லை. அந்த வாயை நம்பித்தான் பதினெட்டுப் பெண்கள் அங்கே வந்தார்கள். மருந்து அடிக்கும் ஆணுக்கு ஒரு வருஷத்தில் வேலை நிரந்தரம், பூப்பிரிக்கும் பெண்ணுக்குப் பத்து வருஷமானாலும் சீசனுக்குச் சீசன் காண்ட்ராக்ட். இதை ஒருத்தி சொல்ல ஆரம்பித்தால் அடுத்தவள் முடிப்பாள். அழுகையும் இருக்கும், கேலியும் இருக்கும்.

கெமுன்டோ மட்டும் எட்டு மாதமாக வருகிறாளே தவிர வாய் திறந்ததில்லை. டீயோடு கொடுக்கும் மண்டாசிப் பணியாரத்தைப் பிட்டுப் பிட்டு, தின்னாமல் மடியில் போட்டுக்கொண்டே இருப்பாள்.

“பாவம், பெரிய அடி பட்டிருக்கா போல. தானா சொல்லட்டும், விடுங்கடி” என்றாள் மும்புவா ஒருநாள்.

அடி பட்டவள் இல்லை, அடித்தவள். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய பிப்ரவரி அது. காதலர் தினத்துக்காக வெள்ளைக்காரன் நாட்டுக்குப் பூ போகிற மூன்று வாரம் பண்ணையில் யாருக்கும் மூச்சு விட நேரமிருக்காது. அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் கிப்ரோனோ ஓர் அறிவிப்பு விட்டான். யாருடைய கட்டு ஆகக் குறைவாகத் திரும்பி வருகிறதோ, அந்தப் பெண்ணுக்கு வேலை நிரந்தரம். பதினாறு பெண்களுக்கு நடுவே ஓர் எலும்புத் துண்டு. நாய்களாக்கிவிட்டான், வேறென்ன.

நபுலாதான் ஜெயிப்பாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்து மாத வயிற்றோடும் அவள் விரல் பிசகாது. ஆனால் அடிக்கடி கழிப்பறைக்குப் போவாள். “அக்கா, கொஞ்சம் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு, ஸ்டிக்கர் சுருளை மேஜையிலேயே விட்டுப் போவாள்.

கெமுன்டோவும் பார்த்துக்கொண்டாள். முதல் நாள் தன்னுடைய வளைந்த கட்டு ஒன்றில் நாற்பத்தேழை ஒட்டினாள். ஒன்றுதானே என்று நினைத்தாள். அடுத்த நாள் மூன்று. மூன்றாம் வாரத்தில் கையே தானாக அந்தச் சுருளுக்குப் போனது.

சீசன் முடிந்தது. கெமுன்டோவுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. நபுலாவிடம் கிப்ரோனோ, “வயித்துல புள்ள வந்ததும் உன் கை கெட்டுப்போச்சும்மா. வீட்டுக்குப் போ” என்றான். அதற்குப் பிறகு கூப்பிடவேயில்லை. பிள்ளைத்தாச்சியை எப்படியும் அனுப்பித்தான் இருப்பார்கள் என்று கெமுன்டோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேலிக்கு ஓணான் சாட்சி. பிள்ளை பிறந்ததும் சோளமாவும் துணியும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். நபுலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ ஒருத்திதான்க்கா வந்து பாத்தே” என்று அழுதாள். அந்த அழுகையை வாங்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து கெமுன்டோவுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இந்தக் கூட்டத்துக்கு அவளைக் கூட்டி வந்ததும் நபுலாதான்.

அந்த ஞாயிறு மும்புவா ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை உண்டானதால் திரும்பக் கூப்பிடப்படாத ஏழு பெண்கள் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்திருந்த மனு அது. மறுநாள் விசாரணை.

“ஆறு பேருக்குப் பிரச்சினையில்ல” என்றாள் மும்புவா. குரல் இறங்கியிருந்தது. “நபுலா விஷயத்துலதான் பண்ணைக்காரன் கணக்கை நீட்டுறான். திரும்பி வந்த கட்டு அத்தனையும் காட்டி, வயித்துக்காக அனுப்பல, வேலை சரியில்லைன்னுதான் அனுப்பினோம்ங்கிறான். இவ பேரு இருந்தா மத்த ஆறு பேர் கேஸும் கெட்டுப்போயிருமாம்.”

நபுலா மடியிலிருந்த மகளைச் சரியாக உட்காரவைத்தாள். ஒன்றரை வயசுப் பெண், சிமியூ என்று பெயர்.

“அடிச்சிருங்கக்கா என் பேர. பொய்யா சொல்றாங்க? என் கை கெட்டுத்தான் போச்சு. இப்பல்லாம் யாருக்கும் தலைகூடப் பின்னி விடுறதில்ல, கை நடுங்குமோன்னு பயம்.”

மும்புவா பேனாவைத் திறந்தாள்.

“நாப்பத்தேழு” என்றாள் கெமுன்டோ.

“கோப்பை! கோப்பை!” என்று பெண்கள் கூச்சல் போட்டார்கள். “எட்டு மாசம் கழிச்சு வாயைத் தொறந்தா, தொறந்ததும் மாட்டிக்கிட்டாளே!” என்று ஒருத்தி கைகொட்டிச் சிரித்தாள். நபுலாவும் சிரித்தாள்.

“நாப்பத்தேழுன்னு திரும்பி வந்த கட்டெல்லாம் என்னோடது. நபுலா கழிப்பறைக்குப் போறப்ப அவ ஸ்டிக்கரை எடுத்து நான்தான் ஒட்டினேன். மூணு வாரம் ஒட்டினேன்.”

சிரிப்பு நின்றது. மும்புவா அவளையே பார்த்தாள்.

“சிறுக்கி” என்றாள். “எங்க டீயைக் குடிச்சுக்கிட்டு, எங்க அழுகையைக் கேட்டுக்கிட்டு எட்டு மாசம் உக்காந்திருந்தியே. உனக்கெல்லாம் எப்படிடி தூக்கம் வந்துச்சு?”

“வரலக்கா.”

“இதை நாளைக்கு அங்க வந்து சொல்வியா? சொன்னா உன் வேலை போயிரும், தெரியுமில்ல?”

“எழுதிக் குடுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன்.”

மும்புவா எழுதினாள். கெமுன்டோ போட்டாள். யாரும் சபாஷ் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. செய்த பாவம் ஒரு கையெழுத்தில் கரைந்துவிடுமா என்ன? சட்டம் சட்டம்தான் என்று எழுந்து, ஒவ்வொருத்தி முன்னாலும் கை நீட்டிக் கோப்பைகளை வாங்கினாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியாக நபுலாவிடம் வந்தாள்.

நபுலா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப என் கைக்கு ஒண்ணும் ஆகலையா?” அக்கா என்று சொல்லவில்லை.

“ஒண்ணும் ஆகல.”

சிமியூ தாயின் விரலைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்தது.

“ரெண்டு வருஷமா இவளைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்” என்றாள் நபுலா. “என் கையைத் தின்னுட்டுப் பொறந்தவளேன்னு. வயித்துல இருக்கும்போதிருந்து.”

கெமுன்டோ கை நீட்டியபடியே நின்றாள். நபுலா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தன் கோப்பையைத் தானே கழுவப் போனாள்.